கஞ்சி குடிக்கும் நாற்காலி

முதலில் சத்தம்தான் வந்தது.

வெற்றிலைக் காம்பைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு பெருமூச்சு.

பின்கட்டில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த மரியசூசை அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

கொட்டகைக்குள் சுவரோரமாக அவருடைய நாற்காலி நின்றிருந்தது. நின்றிருந்தது என்று எப்படிச் சொல்ல? ஒரு காலை மடக்கிக்கொண்டு, தூக்கம் வந்த காவல்காரன் மாதிரி சுவரில் சாய்ந்திருந்தது.

"மாஸ்டர்! என் நாற்காலி மறுபடியும் தளந்துட்டு!"

தில்லைநாயகி தலை நிமிரவில்லை. வேறொரு நாற்காலியின் முதுகை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுது. ஓடியாந்து பாத்தேன்."

"பின்கட்டு வரைக்குமா கேட்டுச்சு?"

"கேட்டுது."

"நல்ல காது, அண்ணாச்சி உங்களுக்கு."

கால் போச்சே என்று ஒருவன் அழுதால் காதைப் பாராட்டுகிறாளே என்று சூசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான். அவரைவிடப் பதினைந்து இருபது வயது இளையவள் என்பதால் அது மாறிவிடுமா?

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தளராத கஞ்சி எப்படிக் காய்ச்சணும்? அத மட்டும் சொல்லிக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

தில்லை எழுந்து பின்கட்டுக்குப் போனாள். ஒரு கும்பாவில் சூடான கஞ்சியை மொண்டு, உப்புப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க."

குடித்தார். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"பசி ஆறிச்சா?"

"ஆறிட்டு."

"எத்தன வருசத்துக்கு?"

மூலையில் தையல் மிஷினுக்கு முன்னால் இருந்த தாவூது, அவரைப் போலவே வேலை பழக வந்தவன், சிரித்துவிட்டான்.

சூசை கும்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மடங்கிய காலைப் பார்க்க உட்கார்ந்தார்.

*

அந்தக் கொட்டகை முன்பு ஓர் அரிசி ஆலை. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அப்பளம் நமுத்துப் போகிற ஊர்.

அந்த ஊரில்தான் தில்லைநாயகி துணியால் நாற்காலி செய்தாள்.

பழைய வேட்டி, பழைய சேலை. கஞ்சியில் முக்கி, மணல் மேட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, கையால் அழுத்தி, வெயிலில் விட்டு, கரி போட்ட இஸ்திரிப்பெட்டி வைத்துத் தேய்த்தால், துணி பலகையாகிவிடும். கஞ்சி போட்ட வேட்டி தானாக நிற்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுதான். கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

ஈரக் காற்று பட்டால் தளரும். உட்கார்கிறவரின் வேர்வை பட்டால் தளரும். தளர்ந்த இடத்தில் மறுபடி கஞ்சி வைத்து, அழுத்தி, காய வைக்க வேண்டும். தினமும்.

இதற்கு முன்பும் அவள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறாள். பச்சை மண்ணில் பெஞ்சு செய்தாள். ஒரு நாள் தண்ணீர் தெளிக்க மறந்தால் வெடித்தது. வாழைநாரில் தொட்டில். அரக்கில் ஒரு முக்காலி. சித்திரை வெயிலில் யாரும் உட்காராமலேயே அது உட்கார்ந்துவிட்டது.

கார் போட்டுக்கொண்டு வாங்க வருவார்கள். அவள் விலை சொல்லமாட்டாள்.

"தினமும் எவ்வளவு நேரம் சும்மா இருப்பீங்க?" என்று கேட்பாள்.

பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே காரில் ஏறிவிடுவார்கள்.

*

சூசை பாதி ஆயுசைப் பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனியில் கழித்தவர். மேலேயிருந்து மணல் மூட்டையை நாற்காலி மேல் போடுவது அவர் வேலை. உடைந்தால் உருக்க அனுப்புவார். உடையாவிட்டால் அடியில் முத்திரை குத்துவார்.

அப்படி அவரே குத்திய ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் முற்றத்தில் போட்டார்.

"எத்தன நாள் தாங்கும்?" என்று அவர் மனைவி செசிலி கேட்டாள்.

"நீயும் நானும் போன பெறவும் இது இருக்கும்."

சில வருடம் அது வெயிலில் கிடந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒருநாள் செசிலி அதில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு முனகல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. பட்டென்று கால் ஒடிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. கைத்தடியோடு நடக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து எந்த நாற்காலியிலும் அவள் உட்காரவில்லை. தரையிலும் முடியாது. வீட்டில் கட்டில் விளிம்பு. கோவிலில் பூசை முடிகிறவரை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகள் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட நின்றபடி ஒரு வாய் சாப்பிட்டாள்.

சூசை வேலையை விட்டார். எங்கெங்கோ அலைந்தார். கடைசியில் இந்தக் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரி உக்காருத மாதிரி ஒரு நாற்காலி செய்யணும்."

தில்லை அவர் கையில் அகப்பையைக் கொடுத்தாள்.

*

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது.

நாற்காலி முடிந்ததென்று செய்தவருக்குத் தோன்றினால், ஒரே ஓர் ஆளைக் கூப்பிட வேண்டும். யார் விழுந்தால் தன்னால் தாங்கவே முடியாதோ, அந்த ஆளை. அவர் வந்து உட்கார்வார். அதுதான் சோதனை. வேறு சோதனை கிடையாது.

"முதல்ல ஒரு மணல் மூட்டையப் போட்டுப் பாத்துக்கிடலாமே, மாஸ்டர்?"

"தாராளமா. அந்த மூட்டையோட சம்சாரம், பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

தாவூது தன்னுடையதைச் செய்து முடித்து, வயதான தன் மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டான். மாமியார் எழுந்து போனபிறகு அரை நாள் அதற்குக் கஞ்சி வைத்தான்.

"உனக்கு இது அலுப்பா இல்லையாப்பா?" என்று சூசை கேட்டார்.

"தினமும் சோறு திங்கமே அண்ணாச்சி, அது அலுப்பாவா இருக்கு?"

எல்லாரும் மாஸ்டர் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டார்கள் என்று சூசை நினைத்தார். தன் நாற்காலிதான் நிற்கக் காணோம்.

*

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். தாவூது தொழுகைக்குப் போயிருந்தான். தில்லை பழந்துணி வாங்கப் போயிருந்தாள்.

சூசை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். வார்னிஷ். படகுக்கு அடிக்கிற ரகம்.

நாற்காலியின் காலுக்கு, கைக்கு, முதுகுக்கு, அடிப்பக்கத்துக்கு, ஒரு மயிரிழை விடாமல் பூசினார். காய்ந்ததும் இன்னொரு தடவை.

சாயங்காலம் தில்லை உள்ளே வந்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து, விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக்.

"நல்லா மினுங்குது" என்றாள்.

மறுநாள் காலையில் சூசையின் கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கஞ்சி தடவும் நார்க்குஞ்சத்தைக் காணோம்.

"என் பான?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? வேலதான் முடிஞ்சிருச்சே."

முடிந்துதான் விட்டது. காலையில் எல்லாரும் அவரவர் நாற்காலியைத் தடவித் தடவி எங்கே ஈரம், எங்கே தளர்ச்சி என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சூசை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தன்னுடையதையும் போய்த் தொட்டுப் பார்த்தார். வழுவழுவென்று, குளிர்ந்து கிடந்தது. தொட்டாலும் ஒன்றுதான், தொடாவிட்டாலும் ஒன்றுதான்.

வாசலில் போய் நின்றார். உள்ளே வந்தார். மறுபடியும் வாசலுக்குப் போனார்.

"அண்ணாச்சிக்கு ரிட்டயர்மெண்டு குடுத்தாச்சு" என்றான் தாவூது.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செசிலியை ஆட்டோவில் அழைத்துவந்தார்.

தில்லை எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க மதினி."

"நீதானா மாஸ்டர்? எங்க வீட்டு ஆம்பள ஒரு நாளும் என் பேச்சக் கேட்டதில்ல. ஒன் பேச்ச மட்டும் கேக்காரு போல?"

"எங்க கேக்கறாங்க மதினி?"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சூசை துண்டை எடுத்து நாற்காலியை ஒருமுறை துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

செசிலி கிட்டே வந்தாள். கையால் தொடவில்லை. கைத்தடியின் நுனியால் மெல்லத் தட்டினாள்.

டொக்.

அவள் முகம் மாறியது.

"இத தினமும் பாக்கணுமா?"

"வேண்டவே வேண்டாம்! அப்படிச் செஞ்சிருக்கேன்லா?"

"எத்தன நாள் தாங்கும்?"

"நீயும் நானும் போன பெறவும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது.

செசிலி திரும்பினாள். பக்கத்தில் தாவூதின் நாற்காலி இருந்தது. நிறம் மங்கி, ஓரமெல்லாம் நைந்து, ஒட்டுக்குமேல் ஒட்டாக. அதன் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். அது 'ம்' என்றது.

"இது பேசுதே!"

"தெனமும் பேசும் மதினி. பசிச்சா இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசும்" என்றான் தாவூது.

"ஏங்க, நாம வீட்டுக்குப் போவோம்" என்றாள் செசிலி. "எனக்கு நிக்கப் பழகிட்டு."

*

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிய சூசை, நேராக மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"நான் செஞ்சதுல என்ன குத்தம்? ஒரு சொட்டு ஈரம் உள்ள போகாது. ஒரு இழை தளராது. அவ விழவே மாட்டா. அதுதான வேணும்?"

தில்லை கஞ்சிப் பானையை எடுத்துவந்தாள். சூசையின் நாற்காலி மேல் அப்படியே சரித்தாள்.

தாமரை இலையில் விட்டது போலக் கஞ்சி உருண்டு, வழுக்கி, கால் வழியாக வடிந்து தரையில் குளம் கட்டியது. நாற்காலியில் ஒரு சொட்டு ஒட்டவில்லை.

வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஓடிவந்து தரையில் கிடந்த கஞ்சியைக் கொத்த ஆரம்பித்தது.

"கஞ்சி யாருக்குன்னு கோழிக்குத் தெரியுது" என்றாள் தில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சூசை குனிந்து பார்த்தார். பின்காலின் மூட்டில், வார்னிஷுக்கு அடியில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. எப்போது விழுந்ததோ. எந்தச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

விரலில் கஞ்சியைத் தொட்டு அந்தக் கோட்டின்மேல் வைத்தார். வழிந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் வழிந்தது.

அப்படியே வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கோழி அவர் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டே இருந்தது.

பிறகு எழுந்து போய், கவிழ்த்து வைத்திருந்த தன் பானையை நிமிர்த்தினார்.

நார்க்குஞ்சம், அவர் திரும்பிப் பார்த்தபோது, பழைய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மினுங்கும் நாற்காலி வீணாகவில்லை. வைக்கோல் போட்டு மூலையில் வைத்தார்கள். கோழி அதில் அடைகாத்தது.

*

வீட்டில் சூசை பீரோவைத் திறந்தார்.

"ஒன் பழைய சேல ஏதும் கெடக்கா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா?" செசிலி கட்டில் விளிம்பில் இருந்தபடியே கைத்தடியால் கீழ்த்தட்டைக் காட்டினாள். "சுங்குடி கெடக்கு. மூத்தவ பொறந்தப்ப கட்டினது. கிழியாம கொண்டு போங்க."

"கிழிஞ்சாலும் சரிதான். கிழிஞ்சது நல்லாக் குடிக்கும்."

"யாரு?"

அவர் சேலையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தார்.

புதிய நாற்காலி மெதுவாகத்தான் வளர்ந்தது. அவசரப்பட்டால் அடுக்குக்கு நடுவில் காற்று நிற்கும். பொறுமையாக அழுத்தினார். காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் தொடுவார். கை வைத்த இடத்தில் அது ஏதாவது சொல்லும். குளிர்ந்திருந்தால் ஈரம். அடுக்கு பிரிந்து பொருமியிருந்தால் பசி. சில நாள் கொட்டகைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும்.

"இன்னைக்கு இடது கையில பிரிஞ்சிருக்கு" என்பார், பையை மாட்டும்போதே.

தாவூது போய்ப் பார்ப்பான். பிரிந்திருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க சோசியம் பாக்கலாம்."

மாஸ்டரிடம் அவர் தளராத கஞ்சியைப் பற்றி அதற்குப்பின் கேட்கவில்லை. கஞ்சியில் போட வெங்காயம் வீட்டிலிருந்து கொண்டுவர ஆரம்பித்தார். பானையில் முதல் கும்பா நாற்காலிக்கு, இரண்டாவது தனக்கு. கூடவே ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொள்வார். செசிலியைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே சில நாள் அவருக்கு வரவில்லை.

*

அவளே வந்தாள்.

ஐப்பசி மழை. தெருவெல்லாம் தண்ணீர். ஒரு கையில் குடை, ஒரு கையில் தடியோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

"இந்த மழையில ஏன் வந்த?" சூசை பதறிப்போய்ப் பிடித்தார்.

"வேற என்ன செய்ய? என் சேலைய எடுத்துட்டு வந்த ஆளு, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் காணும். போய்ப் பாத்துட்டு வருவோம்னு வந்தேன்."

சுவரோரமாக இருந்தது. நீலச் சுங்குடிப் புள்ளிகள் கஞ்சிக்குள்ளே மங்கலாகத் தெரிந்தன.

செசிலி கிட்டே போனாள். இந்தத் தடவை தடியால் தட்டவில்லை. கையை வைத்தாள்.

'ம்' என்றது.

"எத்தன நாள் தாங்கும்?"

தில்லை தேய்ப்பதை நிறுத்தினாள். தாவூதின் மிஷின் நின்றது.

சூசை வாசல் வழியாக மழையைப் பார்த்தார். நாற்காலியின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார்.

"நாள் கணக்கு எனக்குத் தெரியாது செசிலி. இன்னைக்குக் காத்துல ஈரம் சாஸ்தி. ரொம்ப நேரம் தாங்காது."

"கொஞ்ச நேரம் தாங்குமா?"

"கொஞ்ச நேரம் தாங்கும்."

"அப்பக் கொஞ்ச நேரம் உக்காருதேன்."

தடியைச் சுவரில் சாய்த்துவைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கைப்பிடி இரண்டையும் பிடித்து, கடல் தண்ணீருக்குள் இறங்குகிறவள் போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உட்கார்ந்தாள்.

நாற்காலி தாங்கியது.

முதுகைச் சாய்த்தாள். அதுவும் தாங்கியது.

"அம்மாடி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு காலம் ஆயிற்று!

சூசை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, நாற்காலியின் காலில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்ததும் செசிலிக்குப் பேச்சு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிலோமினா தன் தண்ணீர்க் குழாயைத் திருப்பி வைத்துக்கொண்டதில் ஆரம்பித்தாள். அவள் மருமகள் சொன்னது, இவள் பதிலுக்குச் சொன்னது, நடுவில் பங்குச் சாமியார் வந்தது, அவர் இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டு முழித்தது. தில்லை முகவாயில் கையை வைத்துக் கேட்டாள். தாவூது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெளியே மழை கூரையை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது.

"அப்ப சாமியார் என்ன சொன்னாருன்னா..."

"எந்திரி, செசிலி."

"இருங்க, சாமியார் சொன்னத..."

"எந்திரிம்மா."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தடியை எட்டி எடுத்தாள். நேராக நின்றாள்.

அவளுக்குப் பின்னால் நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டு, முன்காலை மெல்ல மடக்கிச் சாய்ந்தது.

செசிலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"சொல்லிச்சே."

"எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி! இந்த மழைச் சத்தத்துல!" என்றான் தாவூது.

"நல்ல காது" என்றாள் தில்லை.

சூசை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

செசிலி போய்த் தூணில் சாய்ந்துகொண்டாள். "சீக்கிரம் காய வைங்க. சாமியார் சொன்னத இன்னும் சொல்லி முடிக்கல."

"இந்தா, ஆச்சு."

சூசை ஆணியிலிருந்து நார்க்குஞ்சத்தை எடுத்தார். பின்கட்டுக்குப் போய், நொய்யரிசியைக் களைந்து, அடுப்பைப் பற்றவைத்தார்.